மெதோர் இல்லாத படம்

காலையில் கடற்கரைச் சாலையில் நடந்து முடித்ததும் காந்தி சிலைக்குப் பக்கத்தில் சற்று உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைவது எங்கள் வழக்கம். ஏழெட்டுப் பேர், எல்லோரும் பென்ஷன்காரர்கள். பேச்சு பெரும்பாலும் சர்க்கரை அளவு, பஞ்சப்படி, யார் போய்ச் சேர்ந்தார் என்றே சுற்றி வரும். போன மாதம் மட்டும் ஒரு நாயைப் பற்றிப் பேசிச் சண்டையே வந்துவிட்டது. இரண்டு பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். எண்பது வயது. முத்தியால்பேட்டையில் பழைய ஓட்டு வீடு. மனைவி தவறி நான்கு வருடம் ஆகிறது. மகன் சென்னையில், மகள் பிரான்சில். வீட்டில் அவரும் மணியும்தான். மணி கறுப்பு நிற நாட்டு நாய். பதின்மூன்று வயது, ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது.

பொங்கல் முடிந்த வாரம் அவர் எங்களிடம் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "மணியைப் போட்டோ எடுக்க ஒரு பொண்ணு வருதாம். மக ஏற்பாடு பண்ணியிருக்கு. எட்டாயிரமாம்."

சிரித்தோம். நானும்தான். 1973-இல் நான் எழுத்தராக வேலையில் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 260 ரூபாய். மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, "சார், என் முப்பது மாசச் சம்பளத்தை உங்க மணி ஒரே நாள்ல சாப்பிடப் போறான்" என்றேன். இன்னொருவர், "ஜாதகமும் எழுதிடுங்க சார்" என்றார். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார். போனேன்.

வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். வந்ததும் கேமராவை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, மணிக்குப் பக்கவாட்டில், அவனைப் பார்க்காமலேயே திண்ணையில் உட்கார்ந்து சாரிடம் ஊர்க்கதை பேசினாள். மணி பையை மோந்தான், செருப்பை மோந்தான், பிறகு அவளை மோந்தான். அரை மணி நேரம் அப்படியே போனது. எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன். "நேரே பாத்தா சில நாய்ங்க பயப்படும் ஐயா. இந்த லென்ஸ் அதுக்குப் பெரிய கண்ணு முறைக்கிற மாதிரி. பயந்தா உதட்டை நக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கும். அப்ப எடுக்கக் கூடாது" என்றாள்.

பளிச்சென்ற விளக்கு எதுவும் கொண்டுவரவில்லை. நாய், பூனைகளின் கண்ணுக்குள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. இரவில் தெருநாயின் கண் ஜொலிப்பது அதனால்தான். ஃபிளாஷ் போட்டால் படத்தில் கண் இருக்கும் இடத்தில் பச்சையாக இரண்டு பல்புதான் இருக்கும். கறுப்பு நாய் என்றால் இன்னொரு தொல்லை. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவருக்கு முன் நிறுத்தினால் கேமரா சுவரின் வெளுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நாய் கரித்துண்டு மாதிரி விழும். அதனால் சுவர்ப் பக்கம் போகாமல், தெருக்கதவைத் திறந்து வைத்து, வெயில் நேரே படாமல் வெளிச்சம் மட்டும் வரும் இடமாகப் பார்த்துத் திண்ணையின் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

சார் பட்டுக்கரை வேட்டியும் கஞ்சி போட்ட சட்டையுமாக நின்றார். மணிக்கு மகள் ஆன்லைனில் அனுப்பிய சிவப்பு 'போ' ஒன்று கழுத்தில். அந்தப் பெண் மெதுவாக அதைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "ஐயா, தினமும் இந்த நேரத்துக்கு ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். பேப்பர் படிப்பேன், டீக்கடைப் பொறை ஒன்று வாங்கி ஆளுக்குப் பாதி என்றார். "அதையே பண்ணுங்க, தினமும் போடுற துணியிலயே." உள்ளே போய்ப் பனியனும் கைலியுமாக வந்தார். அவள் தரையில் படுக்காத குறையாகக் குனிந்து எடுத்தாள்.

எலியட் எர்விட் என்று ஒரு புகைப்படக்காரர். 1928-இல் பாரிசில் பிறந்து அமெரிக்கா போனவர், 2023-இல் காலமானார். நாய்ப் படங்களுக்குப் பேர்போனவர். 1974-இல் நியூயார்க்கில் அவர் எடுத்த படம் ஒன்றில் குல்லா போட்ட ஒரு குட்டி நாய், பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள். அவ்வளவுதான். கேமரா தரையில் இருக்கிறது, உலகம் அந்தக் குட்டி நாய் பார்க்கிற உயரத்தில் தெரிகிறது. அந்தப் பெண் குனிந்தபோது எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது.

பத்து நாளில் படங்கள் வந்தன. அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சார் பொறையைப் பாதி உடைத்திருக்கிறார். மணியின் தாடை அவர் முழங்காலில். பொறையைப் பார்க்கிறதா அவரைப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாதபடி அந்த நல்ல கண். அவர் குனிந்து அதைப் பார்க்கிறார். வாயில் பல் செட் இல்லை. அவருடைய மனைவி போனபிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. எண்பதாவது பிறந்தநாளுக்குச் சால்வை போட்டு, மேடையில் உட்கார வைத்து எடுத்த படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதில் அவர் டி.இ.ஓ. ஆய்வுக்கு வந்தது மாதிரி விறைப்பாக இருப்பார்.

மே மாதம் கத்திரி வெயிலில் மணி செத்துப்போனான். கொல்லையில் மாமரத்தடியில் புதைத்தார். நாலு நாள் நடைக்கு வரவில்லை. வந்த அன்று எங்களிடம் சொன்னார்: "நான் போனப்பறம் மாலை போடறதுக்கு அந்தப் படம்தான். மகன்கிட்ட சொல்லிட்டேன்."

மகன் சரி என்றிருக்கிறார். ஆனால், நாயை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம், இப்போது கம்ப்யூட்டரில் பல்லும் சட்டையும் கூடப் போட்டுவிடலாம் என்றாராம். சார் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் மகன் பக்கம். "கண்ணீர் அஞ்சலி பேனர்ல நாயா? சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டற படம் சார் அது" என்றார் ஒருவர். இதில்தான் சண்டை.

நான் சார் பக்கம். அதற்குக் காரணம் என் அத்தை.

அப்பாவின் அக்கா அவர். பன்னிரண்டு வயதில் கல்யாணம், பதினான்கு வயதில் தாலி போனது. அதன்பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தார். எங்களையெல்லாம் வளர்த்தவர் அவர்தான் என்றாலும், அவருக்கென்று அந்த வீட்டில் ஒரு பெட்டிகூடக் கிடையாது. 1954 நவம்பரில் ஊர் கைமாறிய பிறகு பல பிரெஞ்சுக் குடும்பங்கள் கப்பலேறின. அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மிசியே, போகும்போது தன் நாயை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். பெயர் மெதோர். நம் ஊரில் மணி மாதிரி பிரான்சில் நாய்க்கு வைக்கும் சாதாரணப் பெயர். அதற்குத் தமிழ் தெரியாது. வா என்றால் விழிக்கும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த எங்களிடம் கேட்டு அத்தை இரண்டு சொல் கற்றுக்கொண்டார். 'வியேன்' என்றால் வா, 'அசி' என்றால் உட்கார். எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தைக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். ஆறு மாதத்தில் மெதோர் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டது. அத்தை மட்டும் கடைசிவரை அதனிடம் பிரெஞ்சுதான் பேசினார். அத்தை எங்கே போனாலும் அது பின்னாலேயே போகும்.

1958-இல் குடும்பத்தோடு ஒரு ஸ்டூடியோவில் படம் எடுக்கப் போனோம். எனக்கு ஒன்பது வயது. மெதோர் ரிக்‌ஷாவுக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் நாயை உள்ளே விட மாட்டேன் என்றார். வாசலில் கட்டிவிட்டு உள்ளே போய் வரிசையாக நின்றோம். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு "அசையாதீங்க" என்ற நேரத்தில் வெளியே மெதோர் ஊளையிட்டது. படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அத்தை மட்டும் கதவைப் பார்க்கிறார். படம் கெட்டுப்போயிற்று என்று அப்பா ஒரு வாரம் முணுமுணுத்தார்.

அத்தையின் வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அது. 1971-இல் அவர் போனபோது மாட்டுவதற்கு வேறு படம் இல்லை. அதிலிருந்து அத்தையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கக் கொடுத்தோம். கண் பக்கவாட்டில் இருக்கிறதே என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். கூட ஐந்து ரூபாய் கொடுத்தால் கண்மணியை நேராக்கித் தருவதாகவும் சொன்னார். அந்தக் காலத்தில் பென்சிலும் தூரிகையும் வைத்து இப்படித் திருத்துவார்கள். அப்பா சம்மதித்தார். கண்ணாடி போட்டு வந்த படத்தைப் பார்த்து அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது அக்கா இல்லீங்க. யாரோ."

ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்த யாரோ ஒருத்திக்குத்தான் ஒவ்வொரு திதிக்கும் நாங்கள் மாலை போட்டோம்.

நாயைப் படத்தில் சேர்ப்பது மரியாதை இல்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. ஆநிரை மீட்கும் சண்டையில் செத்த வீரனுக்கு எடுத்த கல். அவன் பெயர் கருந்தேவக்கத்தி. கல்லில் அவன் மட்டும் இல்லை, பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று சொல்லி அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோவிவன். நடுகல் என்பது அந்தக் காலத்துக் கண்ணீர் அஞ்சலி அல்லாமல் வேறென்ன? நாய் அதில் நின்றதால் கருந்தேவக்கத்தியின் கௌரவம் குறைந்ததா? ஆயிரத்து நானூறு வருடம் கழித்தும் அவனைப் பற்றி நாம் பேசுவதற்கு அந்த நாயும் ஒரு காரணம்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2022 நவம்பர் 30 நம் யாருக்காவது மறக்குமா? மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி காலை நடையில் சரிந்து விழுந்த நாள். ஊரே திரண்டு அழுதது. அன்றைக்கு ஒவ்வொருவர் கைப்பேசியிலும் லட்சுமியோடு எடுத்த படம் சுற்றியது. பேரன் தலையில் துதிக்கையை வைத்து ஆசி கொடுக்கிற படம், புதுமணத் தம்பதி நிற்கிற படம். யானை மட்டும் இருந்த படத்தைவிட, யானையோடு நாம் இருந்த படத்தைத்தான் தேடித் தேடி எடுத்தோம். அப்போது யாரும் மிருகத்தோடு என்ன படம் என்று கேட்கவில்லை.

2011-இல் பிரான்சில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது பாரிசை ஒட்டிய அஸ்னியேரில் நாய்களுக்கான கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். 1899-இல் தொடங்கியது. சினிமாவில் நடித்த ரின் டின் டின் நாயின் கல்லறையும் அங்கே இருக்கிறது. சில கல்லறைகளில் பீங்கானில் பதித்த நாயின் படங்கள் பார்த்தேன். வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்தப் படங்களிலும் ஒரு குறை இருந்தது. நாய் இருந்தது, அதை வளர்த்தவர் இல்லை.

இதுதான் நான் சொல்ல வந்தது. வளர்ப்புப் பிராணியைக் காசு கொடுத்துப் படம் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, அதில் நீங்களும் இருந்தால். நாயை மட்டும் எடுக்க ஆள் வேண்டாம். என் கைப்பேசியிலேயே எங்கள் வீட்டுப் பூனையின் படம் நாற்பது இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஒன்றில்கூட என் மனைவி இல்லை. பூனைக்குச் சோறு வைப்பவர் அவர், அது தூங்குவது அவர் புடவைத் தலைப்பில். ஆனால் படம் எடுப்பவரும் அவரே. எந்த வீட்டிலும் அதிகம் பாசம் வைத்தவர் கேமராவுக்குப் பின்னால்தான் நிற்பார், படத்தில் வரமாட்டார். வெளியிலிருந்து ஒருவர் வந்து எடுக்கும்போதுதான் அவர் முன்னால் வருகிறார். எட்டாயிரம் ரூபாய் அதற்குத்தான்.

எட்டாயிரம் எல்லோராலும் முடியாது, தெரியும். பேத்தியிடம் கைப்பேசியைக் கொடுங்கள். தரையில் உட்காரச் சொல்லுங்கள். ஃபிளாஷை அணைக்கச் சொல்லுங்கள். நாயைக் கூப்பிட்டு, கைதட்டி, "இங்க பாரு" என்று படுத்தாமல், நீங்கள் இருவரும் தினமும் செய்வதைச் செய்யுங்கள். எடுத்ததைக் கடையில் கொடுத்து அச்சுப் போட்டு வையுங்கள். கைப்பேசி மாற்றும்போது எத்தனை படங்கள் காணாமல் போயின என்று நம் எல்லோருக்கும் அனுபவம் உண்டு.

இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நாய்க்குப் பட்டு வேட்டியும் கூலிங் கிளாசும் மாட்டி எடுக்கிறீர்கள். பார்க்க வேடிக்கைதான். மூச்சு வாங்கி, காதை மடக்கி நிற்கும் அந்த நாயின் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள். அந்தத் திண்ணையில் நான் பார்த்த பெண் அரை மணி நேரம் கேமராவைத் தொடவே இல்லை. அவள் வாங்கிய கூலியில் பாதி அந்தப் பொறுமைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, உங்கள் விளம்பரங்களில் லாப்ரடாரும் பொமரேனியனுமாகத்தான் தெரிகின்றன. 2005-இல் அஞ்சல்துறையே நம் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை போட்டது. தெருவில் பிறந்து திண்ணையில் வளர்ந்த மணிகளுக்கும் ஒரு இடம் கொடுங்கள்.

சார் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மகன் நல்லவர், அப்பா மேல் பாசம் உள்ளவர். பல் இல்லாமல், பனியனோடு அப்பாவை நாலு பேர் பார்ப்பதா என்ற சங்கடம்தான் அவருக்கு. எனக்கும் புரிகிறது. பேனரில் சால்வைப் படத்தைப் போட்டுக்கொள்ளட்டும், அது ஊருக்கு. வீட்டுக்குள் மாட்டுவது மணி இருக்கிற படமாக, வெட்டாமல், பல் வைக்காமல் இருக்கட்டும். கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். "உங்க அப்பாவா இருந்தா செய்வீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

அப்பாவுக்குச் செய்ய முடியாது. அத்தைக்குச் செய்தேன். போன வாரம் தகரப் பெட்டியிலிருந்து அந்த 1958 படத்தை எடுத்து, ஓரம் வெட்டாமல் முழுதாகப் பெரிதாக்கக் கொடுத்தேன். கடைப் பையன், "இந்தப் பாட்டி எங்கியோ பாக்கறாங்க, சரி பண்ணிடவா?" என்று கேட்டான். வேண்டாம் தம்பி, அவங்க சரியாத்தான் பாக்கறாங்க என்றேன். நாளைக்கு வாங்கிவர வேண்டும். சாரையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.